அமுங்காத குஷன்

ஜனவரி 12

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் இங்கே சுகம். காது மட்டும் நாளுக்கு நாள் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டு வருகிறது. தையல் மெஷின் பக்கத்திலேயே ஆயுளைக் கழித்தவளுக்கு வேறென்ன கிடைக்கும்? போன வாரம் நீ போனில் சொன்னதில் "முதுகு" என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. இனிமேல் பழையபடி கடிதமே போடு. உன் கையெழுத்து எனக்கு நன்றாகக் கேட்கிறது.

முதுகு என்றால் என் தம்பி முதுகுதான் என்று புரிந்துகொண்டேன். மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பறக்கிறவன் விமானத்தை ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா? பெட்டியையும் அவனே தூக்குவானேன்? போதாக்குறைக்கு, பெடலுக்குக் கால் எட்டவில்லை என்று பழைய தலையணை ஒன்றை மடித்து முதுகுக்குக் கொடுத்து ஓட்டுகிறானாம். நீ முன்பே எழுதியிருந்தாய். படித்ததும் என் மானம் கப்பலேறியது. இந்த ஊரில் பாதி பஸ்ஸுக்கும் லாரிக்கும் சீட் தைக்கிறவள் நான். என் தம்பி தலையணையை மடித்து உட்காருவதா?

இத்தோடு ஒரு பார்சல் வருகிறது. போன தடவை வந்தபோது என் வீட்டு நாற்காலியில் உட்காரவைத்து அவன் முதுகை அளவெடுத்தேன் அல்லவா, அந்த அளவுக்குத் தைத்த குஷன். உள்ளே லாரி டிரைவர்களுக்கு வைக்கிற கெட்டி ஸ்பாஞ்ச். உட்கார்ந்தால் அமுங்காது. அமுங்கினால் எனக்கே திருப்பி அனுப்பச் சொல்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். அவன் முதுகு எனக்குத் தெரியும் என்று அந்தக் குட்டையனிடம் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் நாத்தனார்

*

ஜனவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே இருவரும் நலம். உங்கள் காதுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்று தெரியும். கேட்டு வைப்பது என் கடமை.

பார்சல் நேற்று வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நான் வருவதற்குள் உங்கள் தம்பி அதைப் பிரித்து, சோபாவில் வைத்து, ராஜா மாதிரி சாய்ந்துகொண்டிருந்தார். அந்த நீல நிறம் அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. "அப்படியே விமானத்துக்குக் கொண்டுபோகிறீர்களா?" என்று கேட்டால், இவ்வளவு நல்ல துணியில் எண்ணெய்க் கறை பட்டுவிடும் என்று கவலைப்படுகிறார். வாங்கிய புதுச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளும் ஆள்தானே. உட்காரத்தான் தைத்துக் கொடுத்தார்கள், காட்சிக்கு வைக்க இல்லை என்று திட்டியிருக்கிறேன்.

கீழே இரண்டு வரி அவர் எழுதுவாராம். பேனாவைப் பிடுங்குகிறார்.

உங்கள் அன்புள்ள,
தம்பி மனைவி

அக்கா, நீ தைச்சதுல உக்காந்தா நான் உசரமாத் தெரியறேன்னு உன் டீச்சரம்மா சொல்றா. இதை முன்னாடியே தைச்சிருந்தா பொண்ணு பாக்கப் போனப்பவே எடுத்துட்டுப் போயிருப்பேன். கண்டிப்பா வண்டியில வெச்சு ஓட்டறேன். நீ முதல்ல காதைக் காட்டு. குட்டையன்.

*

மார்ச் 3

என் கண்ணே,

உன்னைத் தனியாக விட்டுவிட்டு வந்தேனே என்று இருக்கிறது. இன்னும் பத்து நாள் இருந்திருக்கலாம். நீதான் போங்கள் அண்ணி, கடை பூட்டிக்கிடக்கிறது என்று அனுப்பிவைத்தாய். சாப்பிடுகிறாயா? பொய் சொல்லாமல் எழுது.

இங்கே வந்து கடையைத் திறந்து உட்கார்ந்தேன். கை வேலை செய்கிறது. நான் எங்கேயோ இருக்கிறேன். துணி வெட்டும்போது, காலையில் பெட்டிகளோடு போனவன், இறக்கிவிட்டு வெறும் விமானத்தோடு திரும்பி வந்தவன், நம் ஊர் ஓடுபாதையில் இறங்கும்போது மூக்கு குத்திக் குப்புறக் கவிழ்ந்தான் என்று யாரோ வேறு வீட்டுக் கதை சொல்வது மாதிரி எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டான் என்ற இடம் வந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுகிறேன்.

அங்கே வீட்டுக்கு வந்தவர்களில் ஒருத்தர் "இறங்கறப்ப கொஞ்சம் அசந்துட்டாரு போல" என்றார். எனக்கு எது கேட்கக் கூடாதோ அது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அசந்தானாம். சைக்கிள் ஓட்டும்போதே இரண்டு பக்கமும் பார்த்துத்தான் திரும்புவான். அதிகாரிகள் விசாரித்து எழுதட்டும், அப்போது அவர் என் முகத்தில் எப்படி முழிப்பார் பார்க்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்து அங்கே கேட்க வாய் வரவில்லை. அந்தக் குஷனில் அவன் ஒரு நாளாவது உட்கார்ந்தானா? முதுகுக்குச் சுகமாக இருந்தது என்று சொன்னானா? சின்ன விஷயம்தான். தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

உன்,
அண்ணி

*

ஏப்ரல் 9

தங்கைக்கு,

நலம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். நானும் வீட்டிலும் ஒருவாறு இருக்கிறோம்.

எங்கள் பழைய இடத்தில் விமானம் இல்லாமல் மெக்கானிக் எதற்கு என்று, உங்கள் வீட்டுக்காரர் கடைசியாகப் பெட்டி இறக்கினாரே, அந்த ஊருக்கே என்னை மாற்றிவிட்டார்கள். இங்கே பெட்டி இறக்குகிறவரிடம் அன்றைய நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதை உங்களிடம் சொல்லாமல் என்னால் சாப்பிட முடியவில்லை.

அன்றைக்கு இங்கே என்ஜினை நிறுத்தாமலேயே பெட்டிகளை இறக்கியிருக்கிறார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்வது, நேரம் மிச்சம். கிளம்பும் முன் உங்கள் வீட்டுக்காரர் பின்னாலிருந்து ஒரு நீல குஷனை எடுத்து, மடித்த தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதுகுக்கு வைத்துக்கொண்டாராம். "எங்கக்கா தைச்சது, பாத்தீங்களா? இப்பத்தான் முதுகு முதுகா இருக்கு" என்று கத்திச் சொல்லிச் சிரித்தாராம். வரும்போது அது முதுகில் இல்லை. போகும்போதுதான்.

விமானியின் கால்களுக்கு நடுவே ஒரு கம்பி நிற்கும். அதை வயிற்றுப் பக்கம் இழுத்தால் விமானத்தின் மூக்கு எழும்பும். தரையைத் தொடுகிற நேரத்தில் அதைக் கடைசிவரை இழுக்க வேண்டும். தினமும் காலையில் கிளம்புமுன் அது முழுக்க வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பார். அன்றும் பார்த்தார், நானே நின்றேன். ஆனால் அப்போது தலையணைதான் இருந்தது. திரும்பும்போது என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் மறுபடி பார்க்கவில்லை.

இங்கே அதே ஜாதி விமானம் ஒன்று நிற்கிறது. அவர் உயரமுள்ள ஒருவரை அந்தத் தடிமனுக்குக் கெட்டி ஸ்பாஞ்ச் வைத்து உட்காரவைத்தேன். பெல்ட்டை இறுக்கிப் போட்டு இழுக்கச் சொன்னேன். கம்பி அவர் வயிற்றில் வந்து முட்டி நின்றுவிட்டது. முழுக்க வரவில்லை. தலையணை என்றால் அமுங்கிக் கொடுத்திருக்கும், தங்கச்சி. இது கொடுக்கவில்லை.

இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். நம் ஓடுபாதையில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். காற்று எந்தப் பக்கம் என்று காட்டும் துணிப்பை கிழிந்து தொங்கியது, மாற்றச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். காற்று பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது. பின்பக்கம் பெட்டி இல்லாத வெறும் விமானத்துக்கு மூக்கு கனக்கும், இன்னும் அதிகமாக இழுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து அவர் கடைசியாக இழுத்தபோது, வர வேண்டிய அந்தக் கொஞ்சம் வரவில்லை.

விசாரித்த அதிகாரிகளுக்குக் குஷனைப் பற்றித் தெரியாது. அவரை வெளியே எடுத்ததும் அதை உருவித் தலைக்கு வைத்தவனே நான்தான். அவர்கள் வந்தபோது இருக்கை வெறுமையாக இருந்தது. குஷன் ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். நான் போய்ச் சொல்ல வேண்டும். நீங்கள் மனைவி, உங்களிடம் கேட்காமல் சொல்ல மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மாதிரி ஒருவன்

*

ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

குஷன் என்னிடம்தான் இருக்கிறது. அவர் ரத்தம் அதில் இருக்கிறது. இரண்டு தடவை துவைத்தேன், போகவில்லை. விமானத்தில் எங்கேயாவது கிடந்திருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன்.

கைகூப்பிக் கேட்கிறேன், சொல்லாதீர்கள். அந்த அறிக்கையில் அவர்மேல் பழி வந்தாலும் வரட்டும். அவருக்கு இனி வலிக்காது. அண்ணி அவருக்கு அக்கா இல்லை, அம்மா. பெற்றவள் போனபோது அவருக்கு நடக்கத் தெரியாதாம். அண்ணி தனக்கென்று ஒரு கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை. அந்தக் குஷன் முதுகுக்குச் சுகமாக இருந்ததா என்று கடிதம் எழுதிக் கேட்கிறார்கள், அண்ணா. நான் என்ன பதில் எழுதுவேன்? உங்கள் கையால் தைத்ததுதான் அவரைக் கொண்டுபோனது என்றா?

அவரை இழந்துவிட்டேன். அண்ணியையும் சேர்த்து இழக்க என்னால் முடியாது. உங்களைத் தவிர யாருக்கும் இது தெரிய வேண்டாம்.

தங்கை

*

மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். பரீட்சைத் தாள்கள் திருத்த இருந்தன. சாப்பிடுகிறேன். நீங்கள் அனுப்பிய போர்வை வந்தது.

அறிக்கை வந்துவிட்டது. காற்றையும் குறைந்த ஓடுபாதையையும் சொல்லிவிட்டு, விமானி தரையைத் தொடும் நேரத்தைத் தவறாகக் கணித்து, மூக்கை உரிய நேரத்தில் உயர்த்தத் தவறினார் என்று முடித்திருக்கிறார்கள். நீங்கள் வேறு யாரோ சொல்லிக் கேட்கக் கூடாது என்று நானே எழுதுகிறேன். விட்டுவிடுவோம் அண்ணி. காகிதத்தில் என்ன எழுதினால் என்ன, அவர் யார் என்று நமக்குத் தெரியும்.

நீங்கள் கேட்ட குஷனில் அவர் உட்காரவே இல்லை. கறை படும் என்று அலமாரியிலேயே வைத்திருந்தார். எனக்கும் வருத்தம்தான்.

பள்ளிக்கூடம் திறந்தால் மனம் கொஞ்சம் மாறும். உங்கள் காதைக் கவனியுங்கள்.

தங்கள்,
தம்பி மனைவி

*

ஜூன் 6

டீச்சரம்மாவுக்கு,

சுகம் துக்கம் எல்லாம் பிறகு.

விட்டுவிடுவோமா? எதை விடுவது? என் தம்பி நேரத்தைத் தவறாகக் கணித்தான் என்று நாலு பேர் மேஜையில் உட்கார்ந்து எழுதுவார்கள், அதை நாம் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டுமா? இத்தனை வருஷம் அந்தப் பாதையில் இறங்கியவனுக்கு அன்றைக்கு மட்டும் கை மறந்துவிட்டதா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இனி ஆளாளுக்கு அதைத்தான் சொல்வார்கள். "பாவம், நல்ல மனுஷன், ஆனா அன்னிக்கு அவர் தப்புதான்" என்று. அந்த "ஆனா" எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே ஒரு வக்கீலிடம் கேட்டேன். மறுபடி விசாரிக்கச் சொல்லி மனைவி கையெழுத்துப் போட்டு அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களாம். அவரே எழுதிக் கொடுத்ததை இத்துடன் அனுப்புகிறேன். கையெழுத்துப் போடு, தபாலில் சேர். வேறு ஒன்றும் நீ செய்ய வேண்டாம்.

அவன் உட்காரவே இல்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் முதலில் அழுகை வந்தது, பிறகு அவன்மேல் கோபம் வந்தது. போகட்டும். அவன் தொட்ட பொருள், அதையாவது எனக்கு அனுப்பு. என் அறையில் வைத்துக்கொள்கிறேன்.

அண்ணி

*

ஜூலை 1

அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என்னால் கையெழுத்துப் போட முடியாது. காரணம் கேட்காதீர்கள். மறுபடி அந்த நாளை அவர்கள் கிளறுவதை என்னால் தாங்க முடியாது.

குஷனை அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

தம்பி மனைவி

*

ஜூலை 9

டீச்சருக்கு,

கட்டினவனுக்காக ஒரு கையெழுத்துப் போட உனக்குக் கை வரவில்லை. பெற்ற தாயாக இருந்தால் போட்டிருப்பாள். நான் பெறவில்லை, அதனால் எனக்கு உரிமை இல்லை என்று வக்கீல் சொல்கிறார். உனக்கு உரிமை இருக்கிறது, மனசு இல்லை. சின்ன வயசு, உனக்கு வாழ்க்கை இருக்கிறது, எல்லாவற்றையும் மறந்து நடக்க வேண்டும் என்று நினைக்கிறாய் போலும். நட. நான் குறுக்கே வரவில்லை.

குஷனை அனுப்பிவிடு. அதன் பிறகு உனக்கும் எனக்கும் கடிதம் வேண்டாம்.

*

ஆகஸ்ட் 4

மெக்கானிக் தம்பிக்கு,

நீங்களும் குடும்பமும் நலமா? நான் யாரென்று நினைவிருக்கும். துக்கத்துக்கு வந்திருந்தபோது என் பக்கத்தில் நின்று கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டீர்கள்.

என் தம்பி மனைவி ஒரு நீல குஷனை எனக்கு அனுப்பியிருக்கிறாள். நான் தைத்துக் கொடுத்ததாம், அவன் தொடாமல் வைத்திருந்ததாம். தம்பி, நான் மூலை திருப்பும்போது நூலை அறுக்க மாட்டேன். ஊசியைத் துணிக்குள் நிறுத்திவைத்து, துணியைத் திருப்பி, அப்படியே தைத்துக்கொண்டு போவேன். இதில் மூலைக்கு மூலை அறுத்து முடிச்சுப் போட்டிருக்கிறது. நிறம் சரி, அளவு சரி. எங்கேயோ என்னுடையதைக் காட்டி அதே மாதிரி தைக்கச் சொல்லியிருக்கிறாள். நாற்காலியில் வைத்து உட்கார்ந்தேன். அமுங்கிவிட்டது.

என்னை எதற்கு இப்படி ஏமாற்ற வேண்டும்? முதலில் கோபம்தான் வந்தது. ஒரு ராத்திரியில் கோபம் தணிந்ததும் பயம் வந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாத பெண் அவள். பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்லியே பிழைக்கிறவள். அப்படிப்பட்டவள் கடை தேடி, துணி தேடி, ஒரு பொய்யைத் தைத்து அனுப்புகிறாள் என்றால், நிஜமான குஷனை நான் பார்க்கக் கூடாது. அதுதானே?

அவன் அதில் உட்கார்ந்தான். அன்றைக்கு உட்கார்ந்தான். இவ்வளவு எனக்கே தெரிந்துவிட்டது. மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். அவளைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், என்னையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். நான் கெட்டி ஸ்பாஞ்ச்.

அக்கா

*

செப்டம்பர் 15

என் கண்ணே,

நீ சுகமா? நிஜமாகவே கேட்கிறேன். நான் சுகமாக இல்லை, அதையும் நிஜமாகவே சொல்கிறேன்.

மெக்கானிக் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே. படித்துவிட்டுக் கடையைப் பூட்டினேன். வாரக்கணக்காகத் திறக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரி சோறு கொண்டுவந்து ஊட்டினாள், சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவது மாதிரி.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியைக் கொண்டுவராமல் சீட் தைக்க மாட்டேன். அளவு எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். "வண்டிய வாசல்ல நிறுத்துங்க, அப்புறம் பேசலாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். நான் ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகுதான் துணியை வெட்டுவேன். என் தம்பிக்கு மட்டும் அது தேவையில்லை என்று நினைத்துவிட்டேன். அவன் முதுகை அளந்தேன். அவன் எங்கே உட்காருகிறான், கையை எங்கே கொண்டுபோகிறான் என்று கேட்கக்கூட இல்லை. அவன் முதுகு எனக்குத் தெரியும் என்ற அகம்பாவம்.

உன்மேல் நான் எறிந்த சொற்களை எப்படித் திரும்ப எடுப்பேன்? மனசு இல்லை என்றேன். நீ என்னைச் சுமந்துகொண்டு பேசாமல் இருந்திருக்கிறாய். நான் அதன்மேலும் கல்லை ஏற்றினேன். என்னை மன்னித்துவிடு. காலில் விழுந்து கேட்க வேண்டிய மன்னிப்பு, வயசு தடுக்கிறது என்று நினைத்துக்கொள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ செய்தது சரியில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காக என் பிள்ளையைத் தப்புக்காரன் ஆக்கிவிட்டாய். அவனுக்கு வலிக்காது என்று மெக்கானிக்குக்கு எழுதினாயாம். எனக்கு வலிக்குமே. தப்பு அவன் கையில் என்று உலகம் சொல்லிக்கொண்டிருக்க, நான் தைத்த குஷன் அலமாரியில் பத்திரமாக இருந்தால், அப்புறம் நான் என்ன அக்கா?

அதிகாரிகளுக்கு நானே எழுதி அனுப்பிவிட்டேன். குஷன் தைத்தவள் நான், உள்ளே வைத்தது இன்ன ஸ்பாஞ்ச், இவ்வளவு தடிமன், இருக்கையைப் பார்க்காமல் தைத்தேன் என்று எழுதினேன். மெக்கானிக்கும் எழுதியிருக்கிறார். அவர்கள் உன்னிடம் வந்து குஷனைக் கேட்பார்கள். நிஜமானதைக் கொடு.

உன்,
அண்ணி

*

நவம்பர் 22

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்துவிட்டேன். நலமா என்று கேட்கும் இடத்திலேயே நின்றுவிடும். இன்றைக்கு எப்படியாவது எழுத வேண்டும்.

அவர்கள் வந்தார்கள். குஷனைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் வயதானவர், இரண்டு கையாலும் வாங்கினார். மெக்கானிக் அண்ணா இருக்கும் ஊரில், அதே ஜாதி விமானத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார்களாம். திருத்திய அறிக்கை நேற்று வந்தது. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இனி உங்களிடம் எதையும் மறைக்க மாட்டேன்.

பாதி தோண்டிய ஓடுபாதை, மாற்றாமல் விட்ட துணிப்பை, பின்னாலிருந்து வந்த காற்று, வெறும் விமானம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். கம்பியின் முழு அசைவைத் தடுத்த கெட்டியான குஷன் என்று எழுதி, அதுவே முக்கியமான காரணம் என்கிறார்கள். புதுக் குஷனை வைத்த பிறகு கம்பியை இழுத்துப் பார்க்காதது குறை என்று ஒரு வரி அவர்மேலும் இருக்கிறது. அதுவும் உண்மைதானே அண்ணி. ஆனால் நேரத்தைத் தவறாகக் கணித்தார் என்ற வரியை எடுத்துவிட்டார்கள்.

அவர் வயிற்றில் ஒரு கன்றிய தடம் இருந்ததாக டாக்டர் அன்றே எழுதியிருந்தாராம். எதனால் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. அது கம்பி அழுந்திய தடம் என்று இப்போது சொல்கிறார்கள். விமானி உரிய நேரத்தில், முழு பலத்தோடு, கடைசிவரை இழுத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறார்கள். அவர் அசரவில்லை. அதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போக முடியாமல், ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் அழுதேன். அவர் போன பிறகு அப்படி அழுதது அதுதான் முதல் தடவை.

நான் செய்தது தப்பு. உங்களை இழந்துவிடுவேன் என்ற பயத்தில் அவரைக் கைவிட்டுவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. இனி நீங்கள் எனக்கு எழுதாமல் போனாலும் நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

உங்கள்,
டீச்சரம்மா

*

டிசம்பர் 10

என் டீச்சரம்மாவுக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன், சாப்பிடுகிறேன். அழுத கண்ணோடு எழுதுகிறேன், எழுத்து அங்கங்கே கோணியிருக்கும், மார்க்கைக் குறைக்காதே.

உன் கடிதத்தை மடித்து வைக்கவே இல்லை. முழு பலத்தோடு, கடைசிவரை என்ற இடத்தை மட்டும் பக்கத்துக் கடைக்காரியைப் படிக்கச் சொல்லிக் காதருகே கத்தச் சொன்னேன். தெருவே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தச் சொன்னேன். இனி அவன் பெயருக்குப் பின்னால் யாரும் "ஆனா" போட மாட்டார்கள். போட்டால் என் பெயருக்குப் பின்னால் போடட்டும்.

எல்லோரும் வந்து "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? மனச விட்டுடாதீங்க" என்கிறார்கள். நல்லவர்கள்தான். ஆனாலும் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. ஊரில் பாதிப் பேர் நான் தைத்ததில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறார்கள், வீட்டுக்கு வருகிறார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் வளர்த்தவனுக்கு மட்டும். இதை ஒரு தடவை யாரிடமாவது சொல்ல வேண்டும். உன்னிடம் சொல்லிவிட்டேன்.

போன வாரம் கடையைத் திறந்தேன். ஒரு பஸ் டிரைவர் சீட் கிழிந்துவிட்டது என்று வந்தார். பழைய ஆள், பலமுறை தைத்துக் கொடுத்திருக்கிறேன். அவரை ஏற்றி உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்குத் திருப்புங்கள், அந்தக் கோடிக்குத் திருப்புங்கள், பிரேக்கை அடிவரை மிதியுங்கள், கியரைப் போடுங்கள், எடுங்கள் என்று படுத்திவிட்டேன். "என்னக்கா, லைசென்ஸ் குடுக்கப் போறீங்களா?" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மிதித்தார்.

என்னை இழந்துவிடுவாய் என்று பயந்தாயாம். அடி பைத்தியமே, எனக்கு மட்டும் வேறு யார் இருக்கிறார்கள்? அவன் விட்டுப்போனதில் பேசக்கூடியது நீ ஒருத்திதான். இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே, பூட்டிய வீட்டுக்குத்தான் வரும். நாளைக்குக் கிளம்புகிறேன். உன்னோடு கொஞ்ச நாள் இருக்கிறேன். ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றாமல் சும்மா உட்கார்ந்து அழுவோம்.

வந்ததும் என்னை மெக்கானிக் இருக்கும் ஊருக்கு அழைத்துப் போ. அந்த ஜாதி விமானம் ஒன்று அங்கே நிற்கிறதாமே. என்னை ஒரு தடவை அதில் ஏற்றிவிடச் சொல். நானும் அவன் உயரம்தான். அவன் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து, பெல்ட் போட்டு, கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறேன். துணியை வெட்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியது.

உன்,
அண்ணி